சென்டம் வாங்கிய தண்ணீர்

அரிசி களையும்போதுதான் எனக்கு அந்தப் பயம் அதிகமாக வருகிறது. முதல் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி, அரிசியெல்லாம் அடியில் படிந்த பிறகு, மேலே ஒன்றிரண்டு நொய் மட்டும் மெதுவாகச் சுழலும். அதைப் பார்த்தவுடன் கை நின்றுவிடும். மைக்ராஸ்கோப்பின் கீழே ஒரு கடல் பிராணியின் முட்டை தானாகச் சுற்றுவது நினைவுக்கு வரும். முட்டைக்குக் கால் ஏது, துடுப்பு ஏது? அதன்மேல் நாலாபக்கமும் தலையைப் பதித்து ஒட்டிக்கொண்டிருக்கும் விந்தணுக்கள் வாலை அடிக்கிற அடியில் அது சுற்றுகிறது. பொன்னேரியில் எங்கள் வாடகை வீட்டுச் சமையலறையில், குழாய் ஓடிக்கொண்டிருக்க, நான் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "தண்ணி போய்க்கினே இருக்குது, இன்னா பாத்துக்கினு நிக்கிற?" என்று என் கணவர் கூடத்திலிருந்து குரல் கொடுப்பார். மூடிவிடுவேன்.

இது பேய் பயம் இல்லை. பேயாக இருந்தால் எங்கேயாவது கூட்டிப்போய் மந்திரித்து, கயிறு கட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது நான் செய்த ஒன்றைப் பற்றிய பயம். அதைச் செய்தபோது எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். புதுவாயல் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, டயர் கடைக்கு மேல் மாடி. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் வரும். உப்பு எவ்வளவு, அமிலம் எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்பதை மெஷினே சொல்லிவிடும். ஆனால் கடைசியில் கடலிலோ உப்பங்கழியிலோ போய்ச் சேரப்போகிற தண்ணீருக்கு இன்னொரு கேள்வி உண்டு: அதில் உயிர் உண்டாகுமா? அதற்கு மெஷின் கிடையாது. கடல் பிராணி ஒன்றைத்தான் கேட்டாக வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அதைக் கேட்கிற ஆள் நான்.

அந்தப் பிராணிக்குப் பாடப்புத்தகத்தில் கடல் முள்ளெலி என்று பெயர். எலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆரஞ்சுப் பழம் அளவில், உடம்பெல்லாம் முள், அடிப்பக்கம் வாய், அவ்வளவுதான். பழவேற்காட்டுப் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து ஒரு மீனவர், வலையில் சிக்கியதையெல்லாம் ஈரச்சாக்கில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து டி.வி.எஸ்.ஸில் கொண்டுவந்து தருவார். அவருக்கு அது வெறும் "முள்ளு". "மேடம், இன்னிக்கி முள்ளு எட்டு கீது" என்பார். வலையைக் கிழிக்கிற சனியனை ஒருத்தி பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்கிறாளே என்று அவருக்குக் கடைசிவரை ஒரு சிரிப்பு இருந்தது.

வாயைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற தோலில் ஊசியால் கொஞ்சம் உப்புக் கரைசல் ஏற்றினால், முள்ளெலி உச்சியிலிருந்து தன் சரக்கை வெளியே விடும். பெண்ணாக இருந்தால் மஞ்சள் முட்டை, ஆணாக இருந்தால் கெட்டிப் பால் மாதிரி விந்து. கடலில் அவை பக்கத்தில்கூட வராமலே குடும்பம் நடத்துகின்றன. இது தண்ணீரில் விடும், அது தண்ணீரில் விடும், இரண்டும் சந்தித்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நடுவில் இருக்கிற தண்ணீரை நம்பித்தான் எல்லாம்.

இதைக் கல்லூரியில் படித்தபோது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்த முதல் நாள்தான் உட்கார்ந்துவிட்டேன். முட்டையைச் சுற்றி ஒரு ஜெல்லி இருக்கிறது. விந்தணு அதைத் தொட்டவுடன் அதன் தலை நுனி திறந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல் ஒன்று வெளியே பாய்கிறது. அந்த நூல்மேல் ஒரு பசை பூசியிருக்கிறது. அந்தப் பசை எதிலும் ஒட்டாது. தன் இனத்து முட்டை என்று தெரிந்தால்தான் ஒட்டும். கடலில் ஆயிரம் ஜாதிப் பிராணிகள் ஒரே நேரத்தில் விதையைக் கொட்டுகின்றன, அந்தக் கலவையில் தன்னுடையது எது என்று அந்தத் துளிப் பசைக்குத் தெரிகிறது. நூற்றுக்கணக்கில் ஒட்டினாலும் உள்ளே போவது ஒன்று. அது போன ஒரு நிமிடத்துக்குள் முட்டையின்மேல் ஓர் உறை உப்பலாக எழும்பி மற்றதையெல்லாம் உதறித் தள்ளிவிடும். முட்டையைச் சுற்றி அந்த வட்டமான உறை தெரிந்தால் கரு உண்டாகிவிட்டது என்று பொருள்.

சோதனை இதை வைத்துத்தான். சந்தேகப்படுகிற தண்ணீரில் விந்தைக் கொஞ்ச நேரம் ஊற விடுவோம். பிறகு முட்டைகளைச் சேர்ப்போம். சிறிது நேரம் கழித்து ஃபார்மலினை ஊற்றி எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு, நூறு முட்டையை எண்ணி, எத்தனைக்கு உறை எழும்பியிருக்கிறது என்று பார்ப்போம். தண்ணீரில் விஷம் இருந்தால் விந்தணு செயலிழக்கும், பசை பிடிக்காது, உறை எழும்பாது. பக்கத்திலேயே சுத்தமான கடல்தண்ணீரிலும் இதைச் செய்து ஒப்பிட வேண்டும். எவ்வளவு விந்து விடுவது என்று தெரிந்துகொள்ள, முதலில் நல்ல தண்ணீரில் ஒரு முன்னோட்டம் பார்க்கச் சொல்லி சோதனை முறைத்தாளில் எழுதியிருக்கிறது. நல்ல தண்ணீரிலேயே நூறில் எண்பதுபோலக் கருவாகி, கொஞ்சம் முட்டை மிஞ்சுகிற அளவுக்குத்தான் விந்து விட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது.

இங்கேதான் என் புத்தி போயிற்று. நல்ல தண்ணீரில் எதற்கு முட்டை மிஞ்ச வேண்டும்? நான் பத்தாம் வகுப்பில் அறிவியலில் சென்டம் வாங்கியவள். எங்கள் ஊர் தட்டப்பள்ளத்துப் பள்ளிக்கூடத்தில் முதல் சென்டம். அன்றைக்கு என் அப்பா நெல் ஏற்ற வந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தொண்ணூற்றெட்டு வாங்கினால், மீதி இரண்டு எங்கே போச்சு என்று கேட்கிற ஊரில் வளர்ந்தவளிடம் போய் எண்பது வந்தால் போதும் என்று ஒரு தாள் சொன்னால் நம்புவாளா? முள்ளெலியும் எப்போதும் கிடைக்காது. முன்னோட்டத்துக்குப் பாதி நாள் போய்விடும். அதனால் அதை விட்டுவிட்டு, விந்தைத் தாராளமாக இரண்டு சொட்டு சேர்த்தே விடுவேன். சுத்தத் தண்ணீரில் நூற்றுக்கு நூறு உறை எழும்பும். சார், அதாவது எங்கள் மேலாளர், ரிப்போர்ட்டைப் பார்த்து, "உங்க கைக்கு மட்டும் எப்படி மேடம் சென்டம் வருது?" என்பார். கூச்சமாகச் சிரித்துக்கொள்வேன்.

ஒரு வருடம் மாசி மாதம், மீனவர் தன் மனைவியையும் வண்டியில் வைத்துக் கூட்டிவந்தார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். மாடிப்படி ஏறிவந்த வேகத்தில் மூச்சு வாங்கியது, இடுப்பில் ஐந்து லிட்டர் கேன். கழித் தண்ணீர். குப்பத்துக்குப் பின்னால் கழி கடலோடு சேருகிற இடத்தில் கம்பு நட்டு, கயிற்றில் கிளிஞ்சல் ஓடுகளைக் கோத்துத் தொங்கவிட்டு, ஆளி வளர்க்கப் போகிறாளாம். கல்லிலும் கட்டையிலும் ஒட்டி வளருகிற சிப்பியைத்தான் அங்கே ஆளி என்பார்கள். எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். குப்பத்தில் இன்னும் ஏழு பெண்களைச் சேர்த்திருக்கிறாள். வலையில் முன்போல எதுவும் விழுவதில்லை, இதாவது பிடித்தால் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று எல்லோரும் இவள் பேச்சை நம்பி நிற்கிறார்கள்.

"யக்கா, இந்தத் தண்ணில ஆளி ஒட்டுமா, ஒட்டாதா? அத்த மட்டும் பாத்து சொல்லு" என்றாள்.

"இவளுக்கு இதான் மேடம் வேலை. கூட்டம் சேத்துக்கினு சுத்துறா" என்றார் அவர். குரலில் பெருமைதான் இருந்தது.

எனக்கு அவளை உடனே பிடித்துப்போயிற்று. கேனை அந்தக் கழித் தண்ணீரிலேயே மூன்று தரம் அலசிவிட்டுத்தான் நிரப்பினேன் என்று கேட்காமலே சொன்னாள். எங்கள் ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுவருகிற படித்தவர்களே அதைச் செய்வதில்லை. படிவம் எதுவும் போடாமல், மிச்சமிருந்த முள்ளெலிகளை வைத்து நானாகவே பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். ஆளியும் இதே மாதிரிதான், முட்டையும் விந்தும் தண்ணீரில் சந்தித்து, பசை பிடித்து, கருவாகி, கொஞ்ச நாள் மிதந்துவிட்டுப் பிறகுதான் ஓட்டில் வந்து ஒட்டும். முதல் ஒட்டு சரியாக இருந்தால் இரண்டாவது ஒட்டும் சரியாக இருக்கும் என்று அவளுக்கு விளக்கினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

எட்டு நாள் கழித்துத்தான் கை ஒழிந்தது; ஃப்ரிட்ஜில் வைத்திருந்த கழித் தண்ணீரில் உப்பைச் சரிசெய்து, அதே தாராளக் கையோடு சோதனையைச் செய்தேன். சுத்தத் தண்ணீரில் நூறு. கழித் தண்ணீரிலும் நூறு. எண்ணி முடித்தபோது எனக்கே ஆச்சரியம். இத்தனை கம்பெனிகளுக்கு நடுவில் ஒரு கழி இவ்வளவு சுத்தமாக இருக்கிறதே என்று சந்தோஷம்.

சாயந்திரமே போன் செய்தேன். அவள் குரல் கம்மியிருந்தது.

"எங்கம்மா தவறிட்டாங்கக்கா. இன்னிக்கு ஏழாம் நாளு."

ஆறுதலாக ஏதோ சொன்னேன். பிறகு தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அவள் மறுபடி உயிர் வந்தவளாக, "நெஜமாவாக்கா?" என்றாள். அப்புறம் தயங்கி, "ஆனா காரியம் முடிஞ்சு பதினாறு கழியாம தொழில் சாமானத் தொடக்கூடாதுன்றாங்க. கயிறு கட்டத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான்" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "சரிம்மா, பதினாறு கழியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஒன்பது நாளில் எதுவும் முழுகிப் போயிருக்காது. நான் அப்படிச் சொல்லவில்லை. "ஆளி விதை விடுற நேரமே இதான். அதுக்கு உங்க ஊட்டு விசேஷம் தெரியுமா? தண்ணி நூத்துக்கு நூறு வாங்கியிருக்குது. நாளு கீளு பாக்காத, கட்டு" என்றேன். அறிவியல் படித்த திமிர். அந்த வாக்கியத்தைச் சொன்ன என் குரலை இப்போதும் என்னால் அப்படியே கேட்க முடிகிறது.

அவள் கட்டினாள். எட்டாம் நாளே கழியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, நாற்பது கயிற்றையும் அவளே முடிச்சுப் போட்டாள். மற்ற ஏழு பேருக்கும் மனசில்லை. "டெஸ்ட் பண்ற மேடமே சொல்லிச்சு" என்று சொல்லித்தான் அவர்கள் வாயை அடைத்தாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

ஆனி மாதத்தில் மீனவர் பெட்டியோடு வந்தார். படியேறி வந்தவர் முள்ளுக் கணக்கைச் சொல்லவில்லை. பெட்டியை வைத்துவிட்டு நின்றார்.

"இன்னாண்ணா, ஆளி எந்த சைசு வந்துக்குது?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆளி ஏது மேடம்? ஓடுதான் தொங்கிக்கினு கீது. நாம போட்ட ஓடு, போட்டாப்லயே."

"ஒண்ணுகூட ஒட்டலயா?"

"நாப்பது கயித்துக்கும் சேத்து நாலஞ்சு. நகம் அளவு. அதுவும் செத்துப்போச்சு."

எனக்குப் பகீரென்றது. ஆனால் என் மனசு முதலில் ஓடியது எங்கே தெரியுமா? என் சோதனையைக் காப்பாற்றத்தான். "தண்ணி நல்லாத்தானேண்ணா இருந்துச்சு? நானே எண்ணிப் பாத்தேனே" என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன். ஊர்ல மொதல்ல தண்ணியதான் சொன்னாங்க. மேலேர்ந்து என்னமோ வருதுன்னாங்க. நான்தான், இல்லப்பா, மேடம் டெஸ்ட் பண்ணி நூத்துக்கு நூறுன்னுச்சுன்னு சொன்னேன். அப்புறம் வேற இன்னா இருக்குது? அவ கைதான். சாவு ஊட்டுக் கையோட போய் கட்னா, எப்டி ஒட்டும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணா" என்றேன்.

"நீங்க படிச்சவங்க, அப்டித்தான் சொல்லுவீங்க. இப்ப எவளும் அவளக் கூட சேக்கறதில்ல. கரைல எறா பிரிக்கக்கூட கூப்புடறதில்ல. வலையக் கண்டா தள்ளிப் போன்றாங்க." கொஞ்சம் நிறுத்தி, கீழே பார்த்துக்கொண்டு, "நானும்தான், என் வலைய அவள தொட உடறதில்ல. பேஜாரா கீது மேடம், ஆனா தொழிலாச்சே" என்றார்.

அவர் போன பிறகு முள்ளெலிகளைத் தொட்டியில் விட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. அப்போதும் எனக்கு அந்த ஊர்ச் சனத்தின்மேல்தான் கோபம். இந்தக் காலத்திலும் தீட்டு பார்க்கிறார்களே என்று மத்தியானச் சாப்பாட்டின்போது சாரிடம் பொரிந்து தள்ளினேன்.

அடுத்த வாரம் ஃபார்மலின் தீர்ந்துபோயிற்று. வரவேண்டிய பாட்டில் வரவில்லை. சுத்தத் தண்ணீர்க் கிண்ணத்தில் முட்டையும் விந்தும் சேர்த்தாகிவிட்டது, நிறுத்த வழியில்லை. சரி, உயிரோடவே எண்ணிவிடலாம் என்று கண்ணை வைத்தேன். வழக்கம்போல எல்லாவற்றுக்கும் உறை. சில முட்டைகளில் இன்னும் மொய்த்துக்கொண்டிருந்தன. ஒன்று மெதுவாகச் சுற்றியது. அழகாக இருந்தது. நூறு என்று குறித்துவிட்டு, கிண்ணத்தைக் கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டுப் புளிசாதம் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்து கிண்ணத்தைக் கழுவுவதற்கு முன்னால் சும்மா ஒருதரம் பார்த்தேன். அந்த நேரத்துக்கு முட்டை இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். கத்தியால் வெட்டியதுபோலச் சரிபாதியாக இரண்டு. என் கிண்ணத்தில் மூன்றாகப் பிரிந்திருந்தன. நான்காகப் பிரிந்திருந்தன. சிலது ஒழுங்கில்லாமல் கோணலாக, பெரிதும் சிறிதுமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டைத் தவிர எதுவும் சரியில்லை. நாளைக்குள் இவையெல்லாம் செத்துவிடும். ஒரு முட்டைக்குள் ஒன்றுக்குமேல் விந்தணு புகுந்தால் இப்படித்தான் ஆகும் என்று நான் பரீட்சையில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். கூட்டம் அதிகமானால், உறை எழும்பி மூடுவதற்குள் இரண்டு மூன்று சேர்ந்து நுழைந்துவிடும். அதாவது நான் விட்ட விந்து அவ்வளவு அதிகம்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மிச்சமும் விளங்கியது. மின்சார ரயிலில் ஒரு சீட்டுக்கு ஆயிரம் பேர் முண்டினால், தொள்ளாயிரம் பேர் வழியில் மயங்கி விழுந்தாலும் சீட் நிரம்பத்தானே செய்யும்? நிரம்பிய சீட்டை மட்டும் பார்த்து எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கழித் தண்ணீர் விந்தணுக்களில் பெரும்பகுதியைக் கொன்றிருந்தாலும் மிச்சம் இருந்தது போதுமே, என் நூறு முட்டைக்கும். முறைத்தாளில் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்று எழுதியிருந்தது இதற்குத்தான். கொஞ்சம் தோற்கிற இடத்தில் நிறுத்தினால்தான் தண்ணீரின் கெடுதல் தெரியும். நான் தோற்கவே இடம் வைக்கவில்லை.

மீனவரிடம் காரணம் சொல்லாமல் மறுபடியும் ஒரு கேன் கழித் தண்ணீர் கேட்டு வாங்கினேன். இந்தமுறை பாதி நாள் முன்னோட்டம் பார்த்தேன். சுத்தத் தண்ணீரில் எண்பதைத் தாண்டி நிற்கிற அளவுக்கு விந்தைக் குறைத்துக்கொண்டேன். பிறகு கழித் தண்ணீரில் ஊறவைத்து முட்டைகளைச் சேர்த்துவிட்டு, ஃபார்மலின் ஊற்றுவதற்கு முன்னால் பார்த்தேன். விந்தணுக்கள் கிடந்தன. சிலது துடித்தன. ஒன்று முட்டையின் ஜெல்லிவரை வந்து, தொட்டு, ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிற்று. முட்டைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. எண்ணினேன், நூறில் பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பழைய ரிப்போர்ட்டையெல்லாம் இப்ப நோண்ட வேண்டாம் மேடம். இனிமே டிரையல் போட்டே பண்ணுங்க, டைம் எடுத்துக்கங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அப்பாடா என்றுதான் இருந்தது. பழைய ரிப்போர்ட்டுகள் சாரோடு போகட்டும். ஆனால் அந்தக் கழித் தண்ணீருக்கு ரிப்போர்ட்டே கிடையாது. அதை நான்தான் வாயால் சொன்னேன், வாயால்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். பழவேற்காட்டில் இறங்கி, குப்பத்துக்கு ஷேர் ஆட்டோ. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வலை போட்டு வைக்கிற கொட்டகை நிழலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மீனவரும் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அந்தக் கூட்டத்தில் இல்லை. கொட்டகைக்கு எதிரிலேயே, இருபதடி தள்ளி, தன் வீட்டு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கழியிலிருந்து கழற்றிவந்த கயிறுகள். ஒவ்வொரு ஓடாக எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "வாக்கா, உள்ள வா" என்றாள். மெலிந்திருந்தாள். நான் உள்ளே போகவில்லை, வாசலிலேயே உட்கார்ந்தேன். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன்.

விந்து என்கிற வார்த்தையை அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்திருந்தேன். ஆம்பளை விதை என்று சொன்னேன். அதன் நுனியில் பசை இருப்பதைச் சொன்னேன். கழித் தண்ணீரில் அந்தப் பசை பிடிக்கவில்லை என்பதைச் சொன்னேன். அப்புறம் நான் விட்ட இரண்டு சொட்டைச் சொன்னேன். அவள் கையில் இருந்த ஓட்டை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ நெறைய உட்டதால, பிடிக்காத தண்ணி பிடிச்சாப்ல தெரிஞ்சிருக்குது. அதான?" என்றாள்.

"ஆமா."

"கழில ஆளி அவ்ளோ உடாது. அது கொஞ்சமாதான் உடும். அதான் ஒண்ணும் ஒட்டல."

"ஆமா" என்றேன். இரண்டு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரிய எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தேன். "உன் கைமேல ஒரு தப்பும் இல்ல. தண்ணிதான். நான்தான். என்ன மன்னிச்சுடு" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், அல்லது என்னோடு சேர்ந்து அழுவாள் என்று நினைத்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்குப் பாரம் குறைந்திருக்கும்.

அவள் என்னையே பார்த்தாள். "எங்கிட்ட இன்னாத்துக்குக்கா சொல்ற?" என்றாள், சாதாரணமாக. "என் கைல ஒண்ணுமில்லன்னு எனுக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

காலிச் சொம்பைக் கீழே வைத்தேன்.

முகவாயால் கொட்டகைப் பக்கம் காட்டினாள். "தெரியாதவங்க அங்க குந்திக்கினு கீறாங்க. எங்க ஊட்டுக்காரும் அங்கதான். அவங்ககிட்ட சொல்லுக்கா. நீ சொன்னா கேப்பாங்க." அவ்வளவு நேரமும் கல் மாதிரி இருந்த முகம் அந்தக் கடைசி வாக்கியத்தில் கெஞ்சியது. பிறகு குனிந்து மறுபடியும் ஓட்டைத் தேய்க்கத் தொடங்கினாள்.

எழுந்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்லத்தான் போனேன். இதை நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை, ஆனால் சொல்லிவிடுகிற எண்ணத்தோடுதான் நடந்தேன். முதல் வாக்கியம்கூட வாயில் தயாராக இருந்தது.

கொட்டகையை நெருங்கியதும் ஒரு வயதான அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஐயே, தண்ணி டெஸ்ட் பண்ற மேடம்டி" என்றாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி எழுந்து இறால் கூடையை நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். இன்னொருத்தி தன் முந்தானையால் பலகையைத் துடைத்தாள். என்னை அத்தனை மரியாதையாக யாரும் பார்த்ததில்லை, நான் பள்ளிக்கூட மேடையில் ஏறிய அந்த ஒரு நாளைத் தவிர. மீனவர் வலையிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"நல்ல நேரத்துல வந்தம்மா" என்றாள் அந்த வயதானவள். "இவளுங்கள்ல ஒருத்தி இன்னிவரிக்கும் தண்ணிய கொற சொல்லிக்கினு கீறா. நீயே உன் வாயால சொல்லு. அன்னிக்கி தண்ணி நல்லாத்தான இருந்துச்சு?"

ஏழெட்டு முகங்கள். வாயில் இருந்த வாக்கியத்தைத் தேடினேன். மேடம் பொய் சொல்லிட்டாங்க, மேடத்துக்கு டெஸ்டே தெரியல, அதை நம்பி நாம கெட்டோம் என்று அந்த முகங்கள் மாறப்போவது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு கணம்தான்.

"ஆமா" என்றேன். "நல்லாத்தான் இருந்துச்சு."

"நான் சொல்லல?" என்று மீனவர் மறுபடி வலையில் குனிந்தார். எனக்குப் பின்னால், இருபதடி தூரத்தில், ஓடு தேய்க்கிற சத்தம் நின்றது.